எட்டாவது ஆட்சேபணை

ஆர்விட் ஹாக்லண்ட் முப்பத்தொரு வருடம் நெடுஞ்சாலைப் பலகைகளுக்கு எழுத்து வரைந்தவர். வடக்கு மின்னசோட்டாவில் கார் ஓட்டிய எவரும் அவர் எழுத்தைப் படிக்காமல் வீடு திரும்பியிருக்க முடியாது. மான் கடக்கும் இடம், சாலைக்கு முந்தியே பாலம் உறைந்துவிடும், டுலூத் பன்னிரண்டு மைல். அறுபத்தைந்து மைல் வேகத்தில் வருகிறவன் ஒரே பார்வையில் படித்துவிட வேண்டும், இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்க வைத்தால் அந்த எழுத்து தோற்றது என்பார். ஓய்வு பெற்ற அன்று பட்டறையில் கேக் வெட்டினார்கள். அடிக்கடி வந்து போங்க என்றார்கள். இரண்டு தடவை போனார். மூன்றாம் தடவை வாசலில் இருந்த புதுப் பெண் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். அவருக்குச் சொல்லப் பெயர் இல்லை.

மனைவி ஷரில் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே குளிர் தாங்காமல் அரிசோனா போய்விட்டார். "நீயும் வா" என்றாராம். "அடுத்த வருஷம்" என்றாராம் இவர். அடுத்த வருடம் விவாகரத்துக் காகிதம் வந்தது. சண்டையெல்லாம் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று இருவரும் ஃபோனில் பேசிக்கொள்வார்கள், ஏழு நிமிடம், எட்டு நிமிடம். பிள்ளைகள் இல்லை. மேற்கு டுலூத்தில் மலைச்சரிவில் ஒரு மர வீடு, அதில் அவர்.

நான் அவரைச் சந்தித்தது ஒரு நாணயத்தால். 2013-இல் எல்லோரும் ஒரு கிரிப்டோ நாணயம் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். நாய் முகம் போட்ட நாணயம்கூட வந்துவிட்டது. எங்களுடையதற்குப் பெயர் போர்ட்டேஜ். இந்தப் பக்கம் கோடையில் படகில் போகிறவர்களுக்கு அது என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஒரு ஏரி முடிந்ததும் படகைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் நடந்து அடுத்த ஏரியில் இறக்குவார்கள், அந்த நடைவழிதான் போர்ட்டேஜ். மின்னசோட்டாவுக்கும் ஒன்டாரியோவுக்கும் இடையே போய்வந்து பிழைக்கிறவர்கள் எல்லை தாண்டும்போதெல்லாம் வங்கிக்குக் கொடுக்கிற மாற்றுக் கட்டணத்தை மிச்சப்படுத்தலாம் என்று தொடங்கிய முயற்சி அது.

மொத்தம் ஏழு பேர். தலைமை மாதிரி இருந்தது டெஸ் கோய்வுலா, தண்டர் பேயில் நிரல் எழுதுகிறவள். வெண்டல் புரூசாக் ஹிப்பிங்கிலிருந்து எல்லை தாண்டி மரம் ஏற்றிப் போகிற லாரிக்காரர். ஜோனி ஃபெர்பர் அட்டிகோகனுக்கு அருகே ஏரிக்கரையில் மீன்பிடிக்க வருகிறவர்களுக்கு விடுதி நடத்துகிறவள். வின்னிபெக்கிலிருந்து ஒரு கணவன் மனைவி. கணக்காளர்கள், வாய் திறந்து நான் கேட்டதில்லை, எதற்கும் கட்டைவிரல் படம் போடுவார்கள். அப்புறம் டுலூத்தில் கணினி படித்துக்கொண்டிருந்த நான். ஏழாவதாக வந்தவர் ஆர்விட். நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் நான்தான் குத்தியிருந்தேன்: 'புது நாணயத்துக்குக் குறியீடு வரைய ஆள் தேவை. சம்பளம் இல்லை.' அன்று மாலையே அழைத்தார்.

"சம்பளம் இல்லேன்னு போட்டிருக்கு. எத்தனை நாள் வேலைன்னு போடலியே?"

"தெரியாதுங்க சார். ஒரு மாசம் ஆகலாம்."

"சார் போலீஸ்காரனுக்கு. நான் ஆர்விட். ஒரு மாசத்துல எழுத்து வராது தம்பி. ஒரு நல்ல 'மூணு' வரைய எனக்கு நாலு மாசம் ஆச்சு."

நாங்கள் கூடுவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கணினித் திரையில். டெஸ்ஸுக்கு அது பதினொன்று. அவரவர் வீட்டுக் காபியோடு உட்காருவோம். டெஸ் கையில் எப்போதும் இளஞ்சிவப்புச் சர்க்கரை பூசிய அவள் ஊர் பெர்ஷியன் பன் ஒன்று இருக்கும். வெண்டல் லாரியிலிருந்தே பேசுவார். ஜோனியின் பக்கத்தில் நாய் குரைக்கும். ஆர்விட் முதல் வாரம் நெற்றியை மட்டும் காட்டினார். அடுத்த வாரம் முகம் முழுசாகத் தெரிந்தது. இஸ்திரி போட்ட சட்டை, தண்ணீர் தொட்டுச் சீவிய தலை.

"யாருக்குக் கல்யாணம்?" என்றார் வெண்டல்.

"உனக்குத்தான். பொண்ணு வீட்ல உன் லாரியைப் பாத்துட்டு ஓடிட்டாங்க" என்றார் ஆர்விட். அன்றிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

குறியீடு எதற்கு என்று கேட்டவர்களுக்கு டெஸ் ஒரே பதில் வைத்திருந்தாள். "டாலருக்குக் கோடு போட்ட எஸ் இருக்கு. பவுண்டுக்கு இருக்கு. நமக்கு என்ன, மூணு இங்கிலீஷ் எழுத்தா? மூணு எழுத்துல பேர் வச்சா அது விமான நிலையம். காசுன்னா ஒரு முகம் வேணும்."

எங்களுக்கு ஒரு விதி இருந்தது. இந்த மாதிரி குழுக்களில் யாரும் யாருக்கும் முதலாளி இல்லை, அதனால் எல்லாம் விதிப்படிதான். ஒருவர் ஒரு குறியீட்டை முன்வைத்தால் பொதுப் பக்கத்தில் பதினான்கு நாள் கடிகாரம் ஓடும். அதற்குள் ஏழு பேரில் யாரும் காரணத்தோடு ஆட்சேபணை எழுதலாம். காரணம் சரியென்றால் கடிகாரம் நின்றுவிடும். மறுபடி வேறு குறியீடு, மறுபடி பதினான்கு நாள். யாரும் எழுதவில்லை என்றால் பதினான்காம் நாள் நண்பகலில் அது நிறைவேறியதாகக் கணக்கு. ஒருவர் எத்தனை ஆட்சேபணை எழுதலாம் என்று மட்டும் விதியில் இல்லை. கையெழுத்துப் போடும்போது யாருக்கும் அது தோன்றவில்லை.

முதல் குறியீடு டெஸ்ஸுடையது, குறுக்குக்கோடு போட்ட பி. பன்னிரண்டாம் நாள் ஆர்விட் எழுதினார்: பிலிப்பைன்ஸ்காரர்களின் பேசோ கிட்டத்தட்ட இதுதான். டெஸ் ஒரு கோட்டை நகர்த்தினாள். இம்முறை பதின்மூன்றாம் நாள்: ரஷ்யா இந்த மாதம்தான் தன் ரூபிளுக்கு இதையே எடுத்துக்கொண்டது, செய்தித்தாளைப் பார்க்கவும். பார்த்தோம். உண்மை.

மூன்றாவது வெண்டலுடையது, இரண்டு அலைக்கோடுகள். எங்களுக்கெல்லாம் பிடித்திருந்தது. ஏரி மாதிரி இருந்தது.

"கணக்குப் புத்தகத்துல அதுக்கு ஏற்கெனவே அர்த்தம் இருக்கு" என்றார் ஆர்விட் அந்தச் சனிக்கிழமை. "ஏறக்குறையன்னு அர்த்தம். முன்னாடி அதைப் போட்டு அஞ்சுன்னு எழுதினா, ஏறக்குறைய அஞ்சு."

வெண்டல் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "என் மச்சான் காசு திருப்பிக் குடுக்கிறது அப்படித்தான்யா. அவனுக்கு ரொம்ப வசதி."

நான்காவது, ஏதோ ஒரு மொழியின் பழைய எழுத்தைக் கடன் வாங்கியது. பாதி செல்போன்களில் வெறும் கட்டமாக வந்தது. ஐந்தாவது சின்ன அளவில் மீசையாகிவிட்டது. ஆறாவதில் ஒரு சுழி இருந்தது. ஆர்விட் அதைத் தூண்டில் கடையிலும் தபால் நிலையத்திலும் காட்டி ஆளுக்குப் பத்துத் தடவை எழுதச் சொன்னார். நாற்பது பேரில் இருபத்தாறு பேர் எட்டு எழுதினார்கள். ஏழாவதை, மைனஸ் முப்பதில், தடித்த கையுறை போட்ட விரலால், பனி படிந்த கண்ணாடியில் வெண்டலை எழுதச் சொன்னார்.

"ஏன்யா என்னை இந்தப் பாடு படுத்துற?"

"இங்க வருஷத்துல அஞ்சு மாசம் எல்லாரும் கையுறையிலதான் இருக்கோம். கையுறையில எழுத வரலேன்னா அது ஃபுளோரிடா காசு."

வரவில்லை. ஏழாவது ஆட்சேபணை.

எல்லாமே சரியான காரணங்கள். அதைச் சொல்லியாக வேண்டும். வெறும் முரண்டுக்காக அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் எல்லாம் பன்னிரண்டாம் நாள், பதின்மூன்றாம் நாள்தான் வரும். சோதனைத் தாள்களைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் அச்சடித்து வெள்ளிக்கிழமைதோறும் பேருந்தில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலையாக இருந்தது. ஒரு தடவை அவர் மேசைமேல் கிடந்த குறிப்பேட்டில், ரூபிள் பற்றிய வரியைப் பார்த்தேன். கடிகாரம் தொடங்கிய இரண்டாம் நாள் தேதி போட்டிருந்தது. பதினொரு நாள் அதைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறார்.

நான் பார்த்ததை அவர் பார்த்தார். குறிப்பேட்டை மூடவில்லை. காபி ஊற்றினார்.

"ரெண்டு நாள் பேசாம இருந்தா குரல் துருப்பிடிச்சுடுது, தெரியுமா உனக்கு?" என்றார். "சனிக்கிழமை ஒம்பது மணிக்கு ரேடியோ நியூஸைத் திருப்பிச் சொல்லிப் பாப்பேன். இல்லேன்னா பத்து மணிக்கு முதல் வார்த்தை வராது, இருமல்தான் வரும்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. எப்போதும் எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிடும்.

பிப்ரவரியில் டெஸ் பொறுமை இழந்தாள். ஏரியில் பனி உடையும்போது விடுதிகள் திறந்துவிடும். அதற்குள் நாணயம் வெளியாகாவிட்டால் இன்னும் ஒரு வருடம் போய்விடும். இதற்குள் எங்களுக்குப் பின் தொடங்கிய மூன்று நாணயங்கள் வெளியாகி, அதில் இரண்டு செத்தும்விட்டன.

"ஆர்விட், உங்க காரணத்துல ஒண்ணைக்கூட நான் தப்புன்னு சொல்லல. ஆனா முதல் நாளே சொல்லக்கூடாதா?"

"பாத்துக்கிட்டே இருந்தாத்தான் தெரியும் டெஸ்."

வெண்டல் குறுக்கே விழுந்தார். "யோவ், நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. உனக்குச் சின்னம் வேணுமா, சனிக்கிழமை வேணுமா?"

எல்லோரும் சிரித்தோம். வின்னிபெக் இருவரும்கூடச் சிரிக்கிற முகம் போட்டார்கள். ஆர்விட் சற்றுத் தாமதமாகச் சிரிக்கத் தொடங்கி, நாங்கள் நிறுத்திய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தார். வெண்டல் கேட்டது விளையாட்டுக்கு. ஆனால் அதன் பிறகு அந்தக் கேள்வி ஏழு பேருக்கும் தெரிந்தே நடுவில் உட்கார்ந்திருந்தது.

மார்ச் முதல் வாரம் ஜோனி, நான்கு மாதத்தில் ஐந்து வாக்கியம் பேசியிருப்பவள், ஒரு ரசீதின் பின்பக்கத்தைக் காமிராவுக்கு நேரே பிடித்தாள். பேனாவால் மூன்று இழுப்பு. நேராக நிற்கும் ஒரு கோடு. அதன் தலையில் கவிழ்ந்த ஒரு வளைவு. நடுவில் ஒரு குறுக்குக்கோடு.

"படகைத் தூக்கிட்டு நடக்கிறவன்" என்றாள். "எங்க வீட்டுக்கு முன்னாடி கோடை பூரா போறான். அவ்வளவுதான்."

நாய் குரைத்தது. டெஸ் பன்னைக் கீழே வைத்தாள்.

ஆர்விட் திரைக்கு அருகே வந்தார். மூக்கு இடித்துவிடும் போல வந்தார். "இன்னொரு தடவை வரைங்க. மெதுவா."

அவள் வரைந்தாள். அவர் தன் பக்கத்தில் ஒரு தாளில் வரைந்து பார்த்தார். நிமிரவே இல்லை.

அடுத்த ஒரு வாரம் அவர் வீட்டில் இல்லை என்றே சொல்ல வேண்டும். டயர் கடை, முடிதிருத்தும் கடை, ஹாக்கி ஆட்டம் நடக்கும் அரங்கின் வாசல், லூதரன் தேவாலயத்தின் காபி நேரம். தாளையும் பேனாவையும் நீட்டி, "பத்துத் தடவை எழுதுங்க" என்று கேட்பதுதான் அவருக்குப் புது ஆட்களோடு பேசத் தெரிந்த ஒரே வழி. எழுதும்போது அவர்கள் ஏதாவது சொல்வார்கள், இவரும் சொல்வார். ஒரு கிழவி தன் இடுப்பு அறுவைச் சிகிச்சை பற்றி முக்கால் மணி நேரம் பேசினாளாம். அவளுக்கு இன்னும் பத்துத் தாள் கொடுத்தேன் என்றார்.

நானூறு பேர். ஒருவரும் தப்பாக எழுதவில்லை. வெண்டல், யாரும் கேட்காமலே, கண்ணாடியில் கையுறையால் எழுதிப் படம் அனுப்பினார். அச்சில் வந்த மாதிரி இருந்தது.

ஏழாம் நாள் வந்த சனிக்கிழமைக் கூட்டத்தில் வெண்டலுக்கே ஒரு சந்தேகம் வந்தது.

"எல்லாம் சரி. குடை மாதிரி இருக்கேய்யா?"

ஆறு சதுரங்களில் இருந்த ஆறு முகமும் ஏழாவது சதுரத்தைப் பார்த்தன. திரையில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று தெரியாது என்பார்கள். அன்று தெரிந்தது. அவர் வெறுமனே "ஆமா" என்று சொன்னால் போதும். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். மறுபடி வேறு குறியீடு, மறுபடி பதினான்கு நாள், ஏப்ரல் வரைக்கும் சனிக்கிழமைகள்.

ஆர்விட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இல்ல" என்றார். "குடைக்குக் கீழே கொக்கி இருக்கணும். அடையாளமே அதுதான். இதுல குறுக்குக்கோடு நடுவுல இருக்கு, அது கை. நானூறு பேருக்கு எழுதக் குடுத்தேன். குடைன்னு சொன்னவங்க ரெண்டு பேர். ரெண்டு பேரும் அடுத்த நிமிஷமே இல்லன்னுட்டாங்க. குடை இல்ல இது."

"அப்போ நல்லா இருக்குங்கறீங்களா?" என்றாள் டெஸ்.

"நான் முப்பத்தொரு வருஷம் வரைஞ்சேன். இந்த மாதிரி ஒண்ணு எனக்கு வரல."

ஜோனி தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்குக் கூட்டம் சீக்கிரம் முடிந்தது.

பதின்மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. நான் தாள் எதுவும் கொண்டுபோகவில்லை, அச்சடிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் பேருந்து ஏறிப் போனேன். சமையலறை மேசை முழுக்க அந்த மூன்று இழுப்பு. எறும்பளவு சின்னதாக, தட்டளவு பெரிதாக, தலைகீழாக, கண்ணாடியில் தெரிவது போல, கறுப்பில் வெள்ளை, வெள்ளையில் மஞ்சள். உருப்பெருக்கியும் அளவுகோலும் நடுவில். பக்கத்தில் காட்டரிசி சூப் ஆடை கட்டிக் கிடந்தது.

"வா, உக்காரு. உன் கண்ணு சின்ன வயசுக் கண்ணு. பாரு. ஏதாவது தெரியுதா?"

பார்த்தேன்.

"ஏதாவது" என்றார் மறுபடி. "சின்னதா இருந்தாலும் பரவால்ல."

அன்றைக்கு நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வளைவின் வலது முனை கனமாக இருக்கிறது என்று சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டியிருப்பார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். விதி என்று ஒன்று எழுத்தில் இருந்தால் அதற்கு ஒரு படி கூடவே மரியாதை கொடுத்துப் பழகிவிட்டேன்.

"ஒண்ணும் தெரியல ஆர்விட்."

"எனக்கும் தெரியல." தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு." டாக்டர் சொன்னதை வீட்டில் வந்து சொல்கிற ஆள் மாதிரி இருந்தது அவர் குரல்.

அன்று மாலை ஆறு மணிக்குப் பொதுப் பக்கத்தில் ஒரு புது வரி ஏறியிருந்தது. என் அறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தவன் கரண்டியோடு நின்று படித்தேன்.

'ஆட்சேபணை எண் எட்டு. எழுதுகிறவர்: ஆ. ஹாக்லண்ட். காரணம்: குறியீட்டில் பிழை இல்லை. இது நிறைவேறினால் சனிக்கிழமைக் கூட்டம் நின்றுவிடும். எனக்கு வேறு கூட்டம் இல்லை.'

அவ்வளவுதான். கீழே, வழக்கம் போல, தேதியும் நேரமும்.

அரை மணி நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று பக்கத்திலேயே தெரிந்தது. வின்னிபெக் இருவரும் பழக்கத்தில் கட்டைவிரல் போட்டார்கள், பிறகு அதை எடுத்துவிட்டார்கள். வெண்டல் எனக்குத் தனியாக ஃபோன் செய்தார்.

"அன்னிக்கு நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

"நீங்க விளையாட்டாத்தானே கேட்டீங்க."

"அதான் சொல்றேன். விளையாட்டாக் கேட்டுட்டு, பதில் வராதுன்னு நெனச்சுட்டேன்." லாரி என்ஜினை நிறுத்துவது கேட்டது. "நான் மாசத்துக்கு நாலு தடவை டுலூத் வழியாப் போறேன். அவன் வீட்டுல இருந்து ரெண்டு மைல்ல டீசல் போடறேன். ஒரு தடவைகூட நிறுத்தினதில்ல. தோணவே இல்ல. அவன் கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிற ஆள்னே நெனச்சுட்டேன்."

விதிப்படி ஆட்சேபணைக்கு ஒரு நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும், அந்த மாதம் பதில் சொல்லும் முறை டெஸ்ஸுடையது. அவள் எத்தனை தடவை எழுதி அழித்தாளோ தெரியாது. 'எழுதுகிறார்' என்று பக்கத்தின் அடியில் வந்து வந்து மறைந்தது. எட்டு மணி வாக்கில் வந்தது.

'பதில்: காரணம் உண்மையானது என்று ஏற்கிறோம். அது குறியீட்டைப் பற்றியது அல்ல. கடிகாரம் நிற்காது. ஆர்விட், மன்னியுங்கள். டெ. கோ.'

இரண்டு நிமிடத்தில் அவர் பதில்: 'சரியான தீர்ப்பு. ஆட்சேபணையைத் திரும்பப் பெறுகிறேன்.'

மறுநாள் சனிக்கிழமைக் காலைக் கூட்டம் கூடவில்லை; நண்பகலில் குறியீடு நிறைவேறியது. டெஸ் பொதுப் பக்கத்தில் பச்சைக் குறி போட்டாள். வழக்கமாக இதற்குக் கொண்டாட்டப் படங்கள் வரிசையாக விழும். ஒருவரும் போடவில்லை. கடைசியில் ஆர்விட்தான் போட்டார், ஒரு கேக்கின் படம். அதைப் பார்த்த பிறகு மற்றவர்களும் போட்டார்கள்.

அன்று மாலை அவரை அழைத்தேன். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

"காரணம்னு ஒரு கட்டம் இருந்தது. அதுல பொய் எழுத கை வரல. உண்மையை எழுதினா சிரிப்பாங்கன்னு நெனச்சேன். யாரும் சிரிக்கல, அதுதான் கஷ்டமாப் போச்சு."

அடுத்த வாரம் நடுவில் வெண்டல் ஒரு செய்தி போட்டார்: 'சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் வர்றோம். வேலை இருந்தாலும் இல்லேன்னாலும். வராதவன் கஞ்சன்.' டெஸ் உடனே சரி என்றாள். ஜோனியும். வின்னிபெக் கட்டைவிரல் போட்டது. எனக்கு நெஞ்சு லேசானது. இவ்வளவு சுலபமான ஒன்றுக்கா அவர் ஆட்சேபணை எழுதினார் என்றுகூட நினைத்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஏழு பேரும் வந்தோம். ஒருவர்கூடத் தாமதமில்லை.

"அப்புறம்?" என்றார் வெண்டல்.

"நல்லா இருக்கேன்" என்றார் ஆர்விட். இஸ்திரிச் சட்டைதான்.

டெஸ் அங்கே மைனஸ் நான்கு என்றாள். வெண்டல், ஹிப்பிங்கில் மைனஸ் ஆறு என்றார். ஜோனி ஏரியில் பனி இன்னும் இரண்டடி என்றாள். டுலூத்தில் தூக்குப் பாலத்துக்குக் கீழே இந்த வருடத்தின் முதல் கப்பல் புறப்பட்டுப் போனது என்று நான் சொன்னேன். "ஓ, போயிடுச்சா?" என்றார்கள் மூன்று பேர். பிறகு யாராவது பேசட்டும் என்று ஒவ்வொருவரும் காபியைக் குடித்தோம். நான்கு மாதமாக ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு கத்தியவர்கள்தான். நடுவில் சண்டை போட ஒரு கோடு இருந்தது, ஒரு வளைவு இருந்தது. இப்போது முகத்தைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை. டெஸ் கண் ஒரு ஓரத்துக்குப் போய்ப் போய் வந்தது. வேறு ஒரு திரையில் வெளியீட்டு வேலை ஓடிக்கொண்டிருந்திருக்கும். வெண்டல் தன் மச்சான் கதை ஒன்றை ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சொன்ன கதை. எல்லோரும் முதல்முறை கேட்பது போலச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் ஆர்விட் கையைத் தூக்கினார், பேச அனுமதி கேட்கிற மாதிரி.

"ஒண்ணு சொல்றேன். நீங்க வந்தது எனக்குப் பெரிசு. ஆனா இது நல்லா இல்ல."

"எது ஆர்விட்?" என்றாள் டெஸ்.

"இதுதான். நாம யாரும் பேசிக்கிட்டு இல்ல. எனக்காக உக்காந்திருக்கீங்க. பட்டறையில நான் திரும்பப் போனப்ப அவங்களும் இப்படித்தான் உக்காந்திருந்தாங்க, கையில பிரஷ் வச்சுக்கிட்டு. நான் எப்போ போவேன்னு பாத்துக்கிட்டு."

"அட, அப்படியெல்லாம் இல்லய்யா" என்றார் வெண்டல். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வழக்கமான கேலி இல்லை. அது இல்லாததே ஆர்விட் சொன்னதை உறுதிப்படுத்தியது.

"உனக்கு லாரி நிக்குது வெண்டல். டெஸ், உங்க வேலை அந்தப் பக்கம் ஓடுது, எனக்குத் தெரியுது. ஜோனி, நீங்க வரைஞ்சது ரொம்ப நாள் நிக்கும். கவலைப்படாதீங்க." அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கூட்டம் முடிஞ்சது. போங்க."

முதலில் வின்னிபெக் சதுரங்கள் இரண்டும் அணைந்தன. பிறகு ஜோனி, போகுமுன் ஏதோ சொன்னாள், நாய் குரைத்ததில் கேட்கவில்லை. டெஸ் கையசைத்துக்கொண்டே இருந்தாள், அசைத்தபடியே மறைந்தாள். "அடுத்த தடவை டீசல் போடும்போது வர்றேன்யா, சத்தியமா" என்று வெண்டல் சொல்லிவிட்டு, அவரும் போனார்.

திரையில் இரண்டு சதுரம் மிஞ்சியது. எனக்கு அன்று பேருந்து எதுவும் பிடிக்க வேண்டியதில்லை. ஏதாவது கேட்க வேண்டும் என்று நினைத்தேன். மனதில் வந்ததெல்லாம் குறியீட்டைப் பற்றித்தான் வந்தது.

"நீ ஏன் இன்னும் உக்காந்திருக்க?"

"சும்மாதான்."

"போ. படிப்பைப் பாரு." அவர் மவுஸைப் பிடித்துத் திரையில் எதையோ தேடினார். கூட்டத்தை விட்டு வெளியேறும் பொத்தான் எங்கே என்று அவருக்குத் தெரியாது. நான்கு மாதமும் அவர்தான் கடைசி ஆள், மற்றவர்கள் போனதும் திரை தானாக அணையும் வரை காத்திருப்பாராம்.

"கீழே வலது பக்கம் சிவப்பா இருக்கும் பாருங்க."

"தெரியுது." அவர் அதை அழுத்தவில்லை. "முதல்ல நீ போ. நானே அணைச்சுக்கறேன்."